நம்பிக்கைக்கு யார் பொறுப்பு?

தில்லியிலுள்ள லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் 2022 அக்டோபரில் புதிய ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. பதிவுச் சீட்டுக்காக நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைச் செல்பேசியில் படமெடுத்தால் போதும். நோயாளியின் பெயர், வயது, பாலினம், சுகாதாரக் கணக்கு எண் ஆகியவை மருத்துவமனையின் கணினிக்குச் சென்றுவிடும். வரிசை எண் செல்பேசிக்கு வந்துவிடும். இன்று பல மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. விடியும் முன்பே வந்து காத்துக் கிடக்கும் ஏழை நோயாளிக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால், அந்தச் சுவரோரத்தில் தொடங்கும் தகவலின் பயணம் எங்கே போய் முடியும் என்பதை அந்த நோயாளிக்குச் சொல்பவர் எவருமில்லை. அவரது நோய், பரிசோதனை முடிவு, மருந்து, அறுவைச் சிகிச்சை ஆகிய அனைத்தும் நாளை ஒரு தேசியக் கட்டமைப்பின் வழியே மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயன்படக்கூடும். பயன்பட வேண்டும் என்பதே நமது கருத்தும். அந்தப் பயன்பாட்டுக்கு யார் அனுமதி தருவது, யார் கண்காணிப்பது, தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்விகளுக்கு இந்திய அரசு இன்னும் தெளிவான விடை தரவில்லை என்பதுதான் கவலை.

2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் அறிவித்த தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம், முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதன்கீழ் ஒவ்வொருவருக்கும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டில் இந்த எண் பெற்றவர்களின் எண்ணிக்கை 70 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த எண்களோடு இணைக்கப்பட்ட மருத்துவக் குறிப்புகளும் 50 கோடியைக் கடந்துவிட்டன. குறிப்புகள் அனைத்தும் தில்லியில் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் அளித்தால் மட்டுமே ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவருக்குச் செல்லும். இந்த வடிவமைப்பு பாராட்டத்தக்கதே.

எனினும், இந்த வடிவமைப்பு சிகிச்சையை மனத்தில் கொண்டு உருவானது. சிகிச்சைக்காக ஒரு நோயாளியின் குறிப்பை ஒரு மருத்துவர் பார்ப்பது வேறு. ஆராய்ச்சிக்காக ஒரு லட்சம் நோயாளிகளின் குறிப்புகளை ஒரு நிறுவனம் பார்ப்பது வேறு. முன்னதில் பயன் யாருக்கு என்பது நோயாளிக்கே தெரியும். பின்னதில் பயன் வேறு யாருக்கோ, வேறு காலத்தில் கிடைக்கக்கூடியது. இரண்டுக்கும் ஒரே ஒப்புதல் போதும் என்று கொள்வது முறையாகாது.

ஆராய்ச்சிக்கு இத்தகைய ஒருங்கிணைப்பு எத்தனை அவசியம் என்பதை கொரோனா காலம் நமக்குக் கற்றுத் தந்தது. குணமடைந்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவை நோயாளிகளுக்குச் செலுத்துவதால் பயன் உண்டா என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓர் ஆய்வை நடத்தியது. அரசு, தனியார் என 39 மருத்துவமனைகள் அதில் கைகோத்தன. 464 நோயாளிகள் பங்கேற்றனர். நோய் முற்றுவதையோ மரணத்தையோ பிளாஸ்மா தடுக்கவில்லை என்ற தெளிவான முடிவு சில மாதங்களிலேயே கிடைத்தது. நாட்டின் பல மூலைகளிலுள்ள மருத்துவமனைகள் ஒரே முறையில் குறிப்பெடுத்து ஒரே இடத்தில் ஒப்பிட்டதால் கிடைத்த பலன் இது. இந்தியாவால் முடியாது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

அதே காலத்தில் பிரிட்டனில் நடைபெற்ற 'ரெக்கவரி' ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூனில் கண்டறிந்தது. அந்த ஒப்பீட்டில் மட்டும் 6,400க்கும் அதிகமான நோயாளிகள் இடம்பெற்றிருந்தனர். ஆய்வில் சேர்ந்தவர்கள் பிழைத்தார்களா, வீடு திரும்பினார்களா என்பதை அறியத் தனியாக ஒரு படையை அனுப்ப வேண்டிய தேவை அங்கே எழவில்லை. தேசிய சுகாதாரச் சேவையின் அன்றாடக் குறிப்புகளே அதைச் சொல்லிவிட்டன. இந்தியா உள்பட உலகமெங்கும் அந்த முடிவால் உயிர்கள் காக்கப்பட்டன.

நமது நாட்டிலோ, பிளாஸ்மாவால் பயனில்லை என்று நமது ஆய்வே சொன்ன பிறகும் அது சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். இடைப்பட்ட ஏப்ரலில், இரண்டாவது அலையின் உச்சத்தில், தில்லியின் தெருக்களில் உறவினர்கள் பிளாஸ்மா கொடையாளரைத் தேடி அலைந்த காட்சியை எவரும் மறந்திருக்க முடியாது. தகவலைத் திரட்டுவது பாதி வேலைதான். அதிலிருந்து கிடைத்த அறிவை மருத்துவமனைப் படுக்கை வரை கொண்டு சேர்ப்பது மீதிப் பாதி.

அந்த ஏப்ரல் இறுதியில் 300க்கும் மேற்பட்ட இந்திய விஞ்ஞானிகள் பிரதமருக்கு விடுத்த வேண்டுகோளும் நினைவுகூரத்தக்கது. பரிசோதனை முடிவுகளும் நோயாளிகளின் சிகிச்சை விவரங்களும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலிடம் குவிந்து கிடக்கின்றன. அரசுக்கு வெளியே இருக்கும் ஆராய்ச்சியாளர்களால் அவற்றை அணுக முடியவில்லை என்பதே அவர்களது முறையீடு. முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் உடனடியாக அதற்குச் செவிசாய்த்தது உண்மை. ஆனால், பெருந்தொற்று தொடங்கி ஓராண்டுக்குப் பிறகு, பகிரங்கக் கடிதம் எழுதித்தான் தகவலைக் கேட்க வேண்டும் என்ற நிலை, ஒருங்கிணைப்புக்கு விதியோ வழிமுறையோ இல்லாததன் விளைவுதானே?

வழிமுறை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. சென்னை, மும்பை, பெங்களூர் ஆகிய நகரங்களின் மக்கள்தொகைப் பதிவேடுகளுடன் 1982இல் செயல்படத் தொடங்கியது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பராமரிக்கும் சென்னைப் பதிவேடு அதன் மூத்த உறுப்பினர்களில் ஒன்று. 2020இல் வெளியான அறிக்கையின்போது 28 மக்கள்தொகைப் பதிவேடுகளும் 58 மருத்துவமனைப் பதிவேடுகளும் அதில் பங்கேற்றிருந்தன. ஆண்களிடையே புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படுவது மிசோரமின் ஐஸாலில் என்பதும், பெண்களிடையே அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பாரே மாவட்டத்தில் என்பதும் இந்தப் பதிவேடுகளால்தான் தெரியவந்தன. தலைநகரில் அமர்ந்து திட்டம் தீட்டுவோரின் கண்ணில் படாத வடகிழக்கின் துயரம் இப்படித்தான் எண்ணிக்கையாகி வெளிப்பட்டது. 2012இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் முன்முயற்சியில் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, நாடெங்கும் உள்ள புற்றுநோய் மையங்களை ஒரே சிகிச்சை நெறிமுறையின்கீழ் கொண்டுவர முயன்று வருகிறது. ஒரு நோய்க்குச் சாத்தியமானது மற்ற நோய்களுக்கும் சாத்தியமே.

ஆகவே, நோயாளிகளின் தகவல் ஆராய்ச்சிக்குச் செல்லவே கூடாது என்று கதவை அடைப்பது தீர்வாகாது. அதே நேரத்தில், மக்கள் தயங்குவதற்கான காரணங்களையும் புறந்தள்ள முடியாது.

ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பள்ளி வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு நடத்தப்பட்ட ஆய்வை எண்ணிப் பார்க்க வேண்டும். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. அந்தத் தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியல்ல. பழங்குடிச் சிறுமியின் உடல்மீது முடிவெடுக்கும் உரிமையை ஒரு காப்பாளர் எடுத்துக்கொண்டார் என்பதுதான் கேள்வி. நல்ல அறிவியலும் கெட்ட நடைமுறையால் களங்கப்படும். அந்தக் களங்கம் நீங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அதற்குப் பிந்தைய நிகழ்வுகளும் ஆறுதல் அளிப்பதாக இல்லை. 2021இல் ஆதார் அட்டையைக் காட்டிக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பலர், தாங்கள் கேளாமலேயே தங்களுக்குச் சுகாதார அடையாள எண் உருவாக்கப்பட்டிருந்ததைச் சான்றிதழைப் பார்த்தே அறிந்துகொண்டனர். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள தகவல் முடக்கப்பட்டதாகவும் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காகிதத்தையும் பேனாவையும் நம்பி இயங்கியது. 2023 ஜூனில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் சொந்த விவரங்கள் டெலிகிராம் செயலி வழியே வெளிவந்தன. கோவின் தளம் நேரடியாக ஊடுருவப்படவில்லை என்று அரசு விளக்கமளித்தது. விவரங்கள் வெளிவந்தது என்னவோ உண்மை.

பெயரை நீக்கிவிட்டால் ஆபத்தில்லை என்று அதிகாரிகள் சமாதானம் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. ஒரு சிறிய ஊரில் 34 வயதுப் பெண்ணுக்கு அரிதான ஒரு நோய். அவர் மருத்துவமனையில் சேர்ந்த தேதியும் குறிப்பில் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் அவர் யார் என்று ஊரார் சொல்லிவிடுவார்கள். காசநோய், மனநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு ஆகியவை வெளியே தெரிந்தால் வேலையும் திருமணமும் பறிபோகும் சமூகம் இது. இதை உணர்ந்துதான் 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலின்றி அவரது நிலையை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தியது. இத்தகைய சட்டப் பாதுகாப்பு எல்லா நோய்களுக்கும் ஏன் இல்லை?

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24இல். அடுத்த ஆண்டே மருத்துவத் தகவல்களுக்கென்று தனிச் சட்ட வரைவு ஒன்றை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. அது மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வரவேயில்லை. 2019இல் கொண்டுவரப்பட்ட தகவல் பாதுகாப்பு மசோதா, உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தனிவகையாக வைத்திருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பாகுபாடே இல்லை. கடைக்காரரிடம் கொடுத்த செல்பேசி எண்ணும், மருத்துவரிடம் மட்டுமே சொன்ன நோயும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே.

இன்னும் முக்கியமானது, அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தப்படாதவரை, அரசு வகுக்கும் தர விதிகளுக்கு உட்பட்டு, ஆராய்ச்சிக்காகவும் புள்ளியியலுக்காகவும் தகவலைக் கையாளுவதற்கு இந்தப் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆராய்ச்சிக்கு விலக்கு தேவைதான். லட்சக்கணக்கான பழைய குறிப்புகளுக்கு ஒவ்வொருவரையும் தேடிச் சென்று ஒப்புதல் பெறுவது இயலாது. ஆனால், எது ஆராய்ச்சி? பல்கலைக்கழகத்தின் ஆய்வும், மருந்து நிறுவனத்தின் சந்தைக் கணிப்பும், காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை உயர்த்துவதற்காகச் செய்யும் கணக்கும் ஒன்றாகிவிடுமா? 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், தேவைக்கு மேல் தகவலைப் பயன்படுத்தக் கூடாது, பாதுகாக்க வேண்டும் என்பன போன்ற பொதுநெறிகளைக் கூறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் தரப்பட்டிருக்கிறது. இந்த ஆராய்ச்சி பொதுநலனுக்கானதுதானா என்று முன்கூட்டியே எடைபோட்டுச் சொல்லும் சுதந்திரமான தேசிய அமைப்பு எதுவும் உருவாக்கப்படவில்லை.

டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம், நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானதல்ல. அமைச்சரவை முடிவால் 2019இல் அமைந்தது. நோயாளிகளின் தகவலைக் கையாள அது பின்பற்றும் 2020ஆம் ஆண்டு ஆவணமும் கொள்கை அறிவிப்பே தவிர, சட்டமல்ல. அரசு நினைத்தால் மாற்றிவிடலாம். அதுமட்டுமன்றி, ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துவதும் இதே ஆணையம்தான். பணம் கொடுப்பவரும் குறிப்புகளின் போக்குவரத்தை நிர்வகிப்பவரும் ஒருவரே என்றால், ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் பொறுப்பையும் அவரிடமே விடுவது முறையல்ல. இது எவருடைய நேர்மையையும் சந்தேகிப்பதல்ல. அதிகாரப் பகிர்வு என்ற எளிய நெறி.

மாநிலங்களின் இடம் என்ன என்பதும் கேட்கப்பட வேண்டும். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. மாவட்ட மருத்துவமனையில் குறிப்பெழுதும் செவிலியருக்கும் கணினிப் பதிவாளருக்கும் ஊதியம் கொடுப்பது மாநில அரசு. அந்தக் குறிப்புகளை எப்படிப் பயன்படுத்துவது என்ற முடிவு தில்லியில் மட்டும் எடுக்கப்படுமானால், மாநிலங்கள் வெறும் கொள்முதல் நிலையங்களாகிவிடும். ஒருங்கிணைப்பு என்பது கட்டளையிடுவதல்ல. கூடிப் பேசி விதி வகுப்பது.

தகவலின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் பதிவான மரணங்களில் காரணம் மருத்துவரால் சான்றளிக்கப்பட்டவை வெறும் 22.5 சதவீதம். எதனால் இறந்தார்கள் என்பதையே முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் விஷயத்தில் மருத்துவரின் சான்றோடு சொல்ல முடியாத நாட்டில், மருத்துவமனைகளை இணைப்பதால் மட்டும் அறிவு பிறந்துவிடாது. 2023 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஊக்கத்தொகைத் திட்டம், இணைக்கப்படும் குறிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவமனைகளுக்குப் பணம் தருகிறது. எண்ணிக்கைக்குப் பணம் தந்தால் எண்ணிக்கைதான் பெருகும். குறிப்பு சரியாக எழுதப்பட்டதா, நோயின் பெயர் ஒரே குறியீட்டில் பதியப்பட்டதா என்பதற்கும் மதிப்பளிக்க வேண்டாமா?

பிரிட்டனின் வெற்றியைச் சொன்ன நாம் அதன் தோல்வியையும் சொல்லியாக வேண்டும். குடும்ப மருத்துவர்களிடமுள்ள குறிப்புகளை ஒன்றுதிரட்டும் 'கேர்.டேட்டா' திட்டத்துக்காக 2014 தொடக்கத்தில் அங்கே சுமார் 2.65 கோடி வீடுகளுக்குத் துண்டறிக்கை அனுப்பப்பட்டது. பலர் அதைப் பார்த்ததாகவே நினைவில்லை என்றனர். மருத்துவமனைக் குறிப்புகள் முன்னரே காப்பீட்டுக் கணிப்பாளர்களின் சங்கம் ஒன்றுக்குத் தரப்பட்டிருந்த செய்தியும் அப்போது வெளியாயிற்று. சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்ட அந்தத் திட்டம் 2016 ஜூலையில் கைவிடப்பட்டது. 2021இல் மீண்டும் முயன்றபோது, பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கள் குறிப்புகளைத் தரமாட்டோம் என்று விலகிக்கொண்டனர். நல்ல நோக்கம் இருந்தும், மக்களிடம் முறையாகச் சொல்லாததால் வந்த வினை அது.

அதே நாடு அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. 2020இல் உருவான 'ஓப்பன்சேஃப்லி' என்ற ஏற்பாட்டில், நோயாளிகளின் குறிப்புகள் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஆராய்ச்சியாளர் தமது கேள்வியைக் கணினி நிரலாக எழுதி அனுப்புகிறார். கூட்டுத்தொகையான விடை மட்டுமே வெளியே வருகிறது. யார் என்ன கேட்டார்கள் என்பது எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. 1.7 கோடிக்கும் அதிகமானோரின் குறிப்புகளை இவ்வாறு ஆராய்ந்துதான், கொரோனாவால் இறக்கும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று சில வாரங்களில் கண்டறிந்தார்கள். குறிப்புகள் மருத்துவமனையிலேயே இருக்கும் நமது கட்டமைப்புக்கு இந்த முறை மிகவும் பொருத்தமானது.

எனவே, மத்திய அரசு செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. முதலாவதாக, மருத்துவத் தகவலின் ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கென்று மாநிலங்களைக் கலந்து தனிச் சட்டம் இயற்றப்பட வேண்டும். அதன்கீழ் காப்பீடும் சிகிச்சையும் நடத்தாத சுதந்திரமான அமைப்பு ஒன்று உருவாக வேண்டும். மாநிலங்கள், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மருத்துவர்கள் ஆகியோருடன் நோயாளிகளின் பிரதிநிதிகளும் அதில் அமர வேண்டும். ஆண்டுதோறும் அது நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்க வேண்டும்.

இரண்டாவதாக, சிகிச்சைக்கான ஒப்புதலும் ஆராய்ச்சிக்கான ஒப்புதலும் பிரிக்கப்பட வேண்டும். ஆராய்ச்சிக்கு மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறையும் நேராது என்ற உறுதி, நோயாளியின் தாய்மொழியில், வரிசையின் நெருக்கடி இல்லாத நேரத்தில், எழுத்தறியாதவருக்கும் புரியும்படி சொல்லப்பட வேண்டும். மூன்றாவதாக, தகவல் நகராமல் ஆராய்ச்சியாளரே தகவலிடம் வரும் முறை கட்டாயமாக வேண்டும். யார், எதற்காக, எந்தக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள், என்ன கண்டார்கள் என்ற பட்டியல் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அரசுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும் நிலையும் அப்போது மாறும். சிறிய ஊரின் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் தகுதியான கேள்வியோடு வரலாம்.

கடைசியாக, பயனில் பங்கு. அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்களது நோயும் வேதனையும்தான் இந்த மாபெரும் தகவல் களஞ்சியத்தை நிரப்பப்போகின்றன. அதிலிருந்து பிறக்கும் மருந்து அவர்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படுமானால், அந்த ஆராய்ச்சிக்கு ஒழுக்க அடிப்படை இல்லை. கண்டறியப்பட்ட உண்மை சிகிச்சை நெறிமுறையாக மாறி அவர்களது படுக்கைக்கே திரும்பி வர இத்தனை மாதங்களுக்குள் என்று கெடு விதிக்கப்பட வேண்டும். பிளாஸ்மா விஷயத்தில் நேர்ந்த தாமதம் இன்னொருமுறை நேரக் கூடாது.

கணினிகளை இணைப்பது எளிது. அதற்கு நிபுணர்களும் நிதியும் போதும். தன் நோயைச் சொன்ன மனிதரின் நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்குச் சட்டமும் பொறுப்பும் வேண்டும். லேடி ஹார்டிங் மருத்துவமனைச் சுவரோரத்தில் செல்பேசியை நீட்டி நிற்கும் பெண்மணி, தனது தகவலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், அவருக்கு ஒரு பெயரையும் ஒரு முகவரியையும் சொல்ல அரசால் முடிய வேண்டும். அதுவரை, 70 கோடி எண்கள் வெறும் எண்களே.